இடது கண் பாக்கி

சூசைமேரியின் முறைப்புக்கு விலை ஒன்பதாயிரம் ரூபாய் என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண். ஜிஎஸ்டி தனி.

தான் எதற்கு விலை சொல்கிறோம் என்று பாவம் அவளுக்கே தெரியாது. கண்ணிமையில் ஊசியால் மை ஏற்றுவதற்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தாள். காந்திபுரம் கடைவீதியில் யாரைக் கேட்டிருந்தாலும் விவரம் சொல்லியிருப்பார்கள். 'ஞானம் ஃபேன்ஸி' மொத்த வியாபாரக் கடையின் கல்லாவில் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் சூசைமேரி. டஜன் கிளிப்புக்கு நாலு ரூபாய் குறைக்கச் சொல்லும் பல்லடத்து வியாபாரிக்கு இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னதில்லை. தலையை நிமிர்த்தி ஒரு பார்வை, அவ்வளவுதான். கேட்டது தப்பென்று அவனுக்கே பட்டுவிடும். புருஷன் ஞானாபரணம் உயிரோடு இருந்தபோது அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பீடியை விட்டார் என்று சொல்வார்கள். விடவில்லை. பக்கத்துக் கடையில் போய்க் குடித்தார்.

அந்தப் பார்வைக்குக் கைப்பிடி, கறுப்புக் கோடு. காலையில் ஜெபம் முடிந்ததும் மேலிமை ஓரமாக மை பென்சிலை இழுத்து, வெளிமூலையில் மேல்நோக்கி ஒரு வால் வைப்பாள். கோடு போடாத சூசைமேரியைக் கண்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போனார். மற்றவன் மகன் ஜெப்ரி.

ஆறு மாதமாக வலது கை நடுங்குகிறது. டாக்டர் இரண்டு மாத்திரையும் நோய்க்கு ஒரு பேரும் கொடுத்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டாள். பேரை வேண்டாம் என்று அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். விற்பனைச் சீட்டு எழுதுவதையும் ரூபாய் எண்ணுவதையும், கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கும் பாவாத்தாளிடம் கொடுத்துவிட்டு, 'எனக்கு வேற வேலை இருக்குது' என்று சொல்லிச் சமாளித்தாள். ஆனால் கண்ணில் கோடு போட யாரை வைப்பது? கோடு ஒருநாள் புருவத்துக்கு ஏறியது, ஒருநாள் காதுக்குப் போனது. முறைத்தால் ஜனம் பயப்படவில்லை. 'உடம்புக்கு முடியலீங்களாம்மா?' என்று விசாரித்தது. வியாபாரத்தில் இதைவிடக் கேவலம் கிடையாது.

ஜெப்ரி இதற்காகவே காத்திருந்தவன்.

"அம்மா, அந்தக் கோட்டப் பாருங்க, ரோடு ரிப்பேரு மாதிரி இருக்குது. ஊட்ல உக்காந்து டிவி பாக்கறதுக்கு என்னங்க உங்களுக்கு?" என்றான். கடையின் முன்பாதியைச் செல்போன் கவர் விற்கும் அப்துல் நாசருக்கு வாடகைக்கு விடுவது அவன் திட்டம். முன்பாதி என்றால் கல்லாவும் அதில் அடக்கம். அடுத்த திங்கட்கிழமை நாசர் இடம் பார்க்க வருகிறார் என்றான். அம்மாவுக்கும் சேர்த்துத் தான் யோசிப்பதாகச் சொன்னான். இந்த மாதிரி யோசனைக்காரர்களைச் சூசைமேரி தினமும் கல்லாவில் பார்க்கிறவள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறவன் பையில் கள்ளநோட்டு இருக்கும்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம், பல் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியில் ஏறினாள். திங்களுக்குள் கோடு நேராக வேண்டும். நேராக இருந்தால் கல்லா. இல்லாவிட்டால் டிவி.

மேலே எல்லாம் வெள்ளையாக இருந்தது. சுவர், சோபா, நாற்காலி, ஒரு பூந்தொட்டி, அதிலிருந்த பிளாஸ்டிக் பூ. அழுக்குத் தெரியக்கூடிய நிறத்தில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு வியாபாரம் குறைவு என்று அர்த்தம். சூசைமேரி முதல் பார்வையிலேயே இரண்டாயிரம் குறைத்துக்கொண்டாள்.

கடைக்காரி பேர் தேஜஸ்ரீ. முப்பது வயது இருக்கும். கையுறை மாட்டியபடியே வணக்கம் சொன்னாள். சுகர் இருக்கிறதா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கண்ணுக்குள் லென்ஸ் உண்டா என்று ஒரு காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு மை வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தாள். பிறகு சூசைமேரியை ஜன்னலுக்கு நேராக உட்காரவைத்து, நேரே பார்க்கச் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னாள். திறக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மேடம், உங்க மேலிமை கொஞ்சம் எறங்கி, மடிஞ்சு உக்காருதுங்க. வெளிமூலையும் கீழ சாயுது. இந்த மாதிரி கண்ணுக்கு வால் வச்சா செட்டாகாதுங்க. இமைமுடி வேர் ஓரமா மெல்லிசா ஒரே கோடு. அதுதான் உங்க கண்ணுக்கு எடுப்பா இருக்கும்."

சூசைமேரிக்குச் சிரிப்பு வந்தது. 'உங்களுக்கு இதுதான் எடுப்பா இருக்கும்' என்ற வசனத்தை அவள் கடையில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்! விற்காமல் கிடந்த ஊதா நிற வளையல் நூற்று நாற்பது டஜனை ஒரே தீபாவளியில் தள்ளிவிட்டது அந்த ஒரு வசனத்தை வைத்துத்தான். கறுப்பாக இருந்தவளுக்கும் அதையே சொன்னாள், சிவப்பாக இருந்தவளுக்கும் அதையே சொன்னாள். முகத்துக்குப் பொருத்தம் என்பது கடைக்காரனின் ஸ்டாக்குக்குப் பொருத்தம். இந்தப் பிள்ளைக்கு வால் வைக்க வராது, அல்லது வால் வைக்கிற ஊசி தீர்ந்துபோயிருக்கும்.

"வால் வச்சா எவ்வளவு?"

"பதினஞ்சாயிரமுங்க. ஆனா உங்களுக்கு நான் பண்ணமாட்டேனுங்க."

ஒரு மை பென்சிலை எடுத்து, சூசைமேரி கண்ணை மூடியிருக்கும்போது அழகாக ஒரு வால் வரைந்தாள். "இப்ப தொறந்து பாருங்க." கண்ணாடியில் வாலின் பாதியை மடிப்பு விழுங்கியிருந்தது. மிச்சம் மூலையில் செத்த எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பறம் நானு நாப்பது வருசமா வச்சது என்ன கண்ணு?"

"நீங்க வரைஞ்சப்ப இமை எறங்க எறங்க, உங்களுக்கே தெரியாம வாலை மேல மேல தூக்கிட்டே வந்திருக்கீங்க. ஊசி போட்டுட்டா அது போட்ட எடத்துலயே நிக்குமுங்க. இமை மட்டும் எறங்கும்."

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள் என்று சூசைமேரி முடிவு கட்டினாள். அவள் கடைக் கண்ணாடியும் ஒரு சாய்வில்தான் மாட்டியிருக்கிறது. அதில் எல்லாரும் ஒரு சுற்று மெலிந்து தெரிவார்கள்.

இனிமேல்தான் வியாபாரம். எது வேண்டுமோ அதைக் கேட்கக்கூடாது என்பது அவள் தாய்ப்பாலோடு கற்றது. பட்டுப்புடவை வேண்டுமானால் சுங்குடியை விரித்துப் பார்க்கவேண்டும், அதையும் மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்க்கவேண்டும். சின்ன சரக்குக்கு விலை பேசி முடித்து, கட்டிப் போடுகிற நேரத்தில் பெரிய சரக்கைக் கொசுறாக இழுக்கவேண்டும். கறிவேப்பிலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? வாலும் அப்படித்தான். எல்லாம் முடிகிற நேரத்தில், 'ஒரு துளி மைதானே கண்ணு' என்றால் முடிந்தது.

"சரி, அந்த மெல்லிசுக் கோடே போடு. என்னமோ கோடாம். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இதுக்கு ஒம்பதாயிரமா? ரெண்டு கண்ணுதானே எனக்கு, மூணா இருக்குது?"

"பிக்ஸட் ரேட்டுங்க மேடம்."

"பிக்ஸட் ரேட்டுன்னு எங்கடைலயும்தான் போர்டு மாட்டியிருக்கு. அதுக்குப் பின்னால பல்லி முட்டை போட்டிருக்குது. நாலாயிரம் வாங்கிக்க."

பேரம் முக்கால் மணி நேரம் நடந்தது. சூசைமேரி தன் வயதைச் சொன்னாள், விதவை என்றாள், இமையில் பாதி முடி கொட்டிவிட்டதால் வேலை பாதிதான் என்றாள், தன்னைப் பார்த்து மாதா கோயிலிலிருந்து நாற்பது பொம்பளைகள் வருவார்கள் என்றாள். கடைசிப் பொய்யில் தேஜஸ்ரீ களைத்துப்போனாள். ஏழாயிரம். முழுப் பணமும் முன்னாலேயே கட்டவேண்டும், அது இந்தக் கடை வழக்கம் என்றாள். இரண்டாயிரம் இறங்கிய சந்தோஷத்தில், முன்பணம் என்கிற வார்த்தையின் கனம் சூசைமேரிக்குத் தெரியவில்லை. நோட்டை எண்ணாமல் பர்ஸை அப்படியே நீட்டி, "நீயே எண்ணி எடுத்துக்க கண்ணு" என்றாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நடுங்கும் கையை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

மரத்துப்போவதற்கு ஒரு களிம்பைத் தடவி அரைமணி நேரம் படுக்கவைத்தாள். பிறகு சிறுவண்டு முனகுவதுபோல் ஒரு சத்தம் வலது இமையில் ஆரம்பித்தது. வலி பெரிதாக இல்லை. கண்ணீர்தான் காதுக்குள் ஓடியது. வலது கண் முடிந்ததும் துடைத்துவிட்டு, தேஜஸ்ரீ இடப்பக்கம் நாற்காலியை நகர்த்தினாள்.

கட்டிப் போடுகிற நேரம் வந்துவிட்டது என்று சூசைமேரி கணக்குப் போட்டாள்.

"கண்ணு, அந்த மூலைல ஒரு சின்ன வாலு. கொசுறாப் போட்டு உடு."

"மேடம், நான் ஏற்கெனவே சொன்னேனுங்க."

"ஒரு துளி மை. என்ற கடைக்கு வா, ஒரு டப்பா மை தாரேன்."

"மை பிரச்சினை இல்லீங்க. ரெண்டு வருசத்துல அது மடிப்புல பரவி, அடிபட்ட மாதிரி ஆயிரும். அப்பறம் என்னத்தான் திட்டுவீங்க."

"திட்டமாட்டேன்."

"எல்லாரும் இப்பிடித்தானுங்க சொல்றாங்க."

சூசைமேரி எழுந்து உட்கார்ந்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள். கைப்பையை எடுத்தாள். "அப்ப எனக்கு வேண்டாம். நானு போறேன்."

இதற்கு மிஞ்சிய அஸ்திரம் வியாபாரத்தில் கிடையாது. எழுந்து நடக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. மூன்றாவது அடியில் 'அட வாங்கம்மா, என்ன அவசரம்' என்று குரல் வரும். கொஞ்சம் ராங்கிக்காரனாக இருந்தால் வாசல்படியில் வரும். மூன்று அடி வைத்தாள். வாசல் வந்தது. செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்சம் நின்றாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தேஜஸ்ரீ கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போடும் சத்தம்.

மாடிப்படி முழுக்க இறங்கும்வரை கூப்பிட அவகாசம் கொடுத்தாள். தெருவில் கரும்புச்சாறு வண்டி பக்கத்தில் நின்று மேலும் அவகாசம் கொடுத்தாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எழுந்து போகிறவனைக் கடைக்காரன் கூப்பிடுவது அவன் பையில் இருக்கும் ரூபாய்க்காக. இவள் பையில் இருந்தது மேலே அந்தப் பெண்ணின் மேசைக்குள் அல்லவா இருக்கிறது? பணத்தைக் கொடுத்துவிட்டு, சரக்கையும் பாதி விட்டுவிட்டு, ராங்கி பண்ணி நடந்துபோகிறவளை எந்த முட்டாள் திரும்பக் கூப்பிடுவான்? முப்பத்தோரு வருஷ வியாபாரி. வலது கண்ணில் கோடு, இடது கண்ணில் களிம்பு.

நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். வலது கண் வீங்கியிருந்தாலும், அதில் ஒரு தீர்மானம் இருந்தது. இடது கண் ஊரிலிருந்து வந்த ஏழைச் சொந்தக்காரி மாதிரி பக்கத்தில் நின்றது. பையிலிருந்து மை பென்சிலை எடுத்து, இடது கண்ணை வலதுக்குச் சமமாக்கப் பார்த்தாள். கை ஆடியது. கோடு மூக்கை நோக்கி இறங்கியது. கரும்புச்சாறுக்காரன் ஜூஸ் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"ஏனுங்கம்மா, தண்ணி வேணுங்களா?"

"உன்ற வேலையப் பாரு" என்று முறைத்தாள். அவன் பயப்படவில்லை. பரிதாபப்பட்டான். ஒரு கண்ணால் முறைத்தால் அதுதான் கிடைக்கும்.

போன் அடித்தது. ஜெப்ரி. "பல்லு புடுங்கியாச்சுங்களா? நாசர் பாய் திங்கக்கெழம பத்து மணிக்கே வாராராம். அக்ரிமென்ட் டைப் பண்ணிறட்டுங்களா?"

"பாதிதான் புடுங்கியிருக்குது. வையி போன."

மறுபடி மாடி ஏறினாள். இரண்டு முழங்காலும் தனித்தனியாக அவமானப்பட்டன. தேஜஸ்ரீ டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு கண்ணையும் போட்டு உட்ரு."

"ஊசி, கையுறை, மை எல்லாம் வெளிய தூக்கிப் போட்டாச்சுங்க மேடம். தொறந்ததத் திரும்ப வைக்கக்கூடாது. புதுசாத்தான் எடுக்கோணும். புது சிட்டிங் கணக்குங்க."

"எவ்வளவு?"

"ஒம்பதாயிரம்."

"ஒரு கண்ணுக்கா!"

"ஒரு கண்ணோ ரெண்டு கண்ணோ, செட்டு ஒண்ணுதானுங்களே. நீங்க வேணும்னா வெளில விசாரிச்சுட்டு வாங்க." சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

சூசைமேரி வாயைத் திறந்தாள். நாலாயிரம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு கண்ணோடு நிற்கிறவள் எந்தத் திமிரில் பேரம் பேசுவது? எதிரில் இருப்பவள் ஒரு தடவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமில்லாத அளவுக்கு அவள் கை ஓங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டு பர்ஸை நீட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலையைக் கொடுத்தாள். அந்த ஒன்பதாயிரத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

முடிந்ததும் தேஜஸ்ரீ கண்ணாடியைக் கொடுத்தாள். வீக்கத்துக்கு நடுவிலும் தெரிந்தது. வால் இல்லாத அந்த மெல்லிசுக் கோடு, தொங்கிய இமையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. கண் திறந்திருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய கண். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை. இலவசமாகச் சொன்ன உண்மை, அதனால்தான் நம்பமுடியவில்லை.

"எப்பிடிங்க மேடம்?"

"பரவால்ல" என்றாள் சூசைமேரி. அவள் அகராதியில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. அதுகூட வாயில் முள்ளாகக் குத்தியது.

ஐந்து நாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கண்வலி என்று சொன்னாள். வீங்கிய கண்ணுக்கும் புடுங்கிய பல்லுக்கும் சம்பந்தம் என்ன என்று ஜெப்ரி கேட்கவில்லை. பதினைந்து வருஷமாக மாதம் ஆயிரத்து இருநூறு டஜன் மை பென்சில் விற்கிறவனுக்கு, கண்ணில் கோடு எப்படி வருகிறது என்பது இன்னும் கடவுள் விஷயம். அவன் பெண்டாட்டி கிளாடிஸ் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே குனிந்து பார்த்து, "நல்லா இருக்குதுங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். கல்லா போய்விட்டால் மாமியார் நாள் பூராவும் வீட்டில்தான் உட்காருவாள் என்று கணக்குத் தெரிந்த பெண். அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அப்துல் நாசர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அளக்கும் டேப். சூசைமேரி இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்து மடியில் அழுத்திக்கொண்டாள். நாசர் டேப்பை இழுத்துக் கல்லா மேசைமேல் வைக்கப் போனார். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

டேப் 'சர்ரக்' என்று தானாகச் சுருண்டு உள்ளே போனது.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார் நாசர். இரண்டு நிமிஷம் மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்தார். வெளியே போய் ஜெப்ரியிடம், "என்னப்பா, உங்கம்மாவுக்கு முடியலன்னு சொன்னே? கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க. அவங்க இருக்கறப்ப அந்த எடத்த நானு கேட்டா நல்லா இருக்குமா? வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

ஜெப்ரி உள்ளே வந்து அம்மாவை உற்றுப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"அம்மா! கோடு நேரா இருக்குதுங்க!"

"பின்ன என்ன, கோணலாவா இருக்கும்?"

"மாத்தர வேலை செஞ்சுபோட்டுதுங்க! நாந்தான் சொன்னேனில்லீங்க, அந்த டாக்டர் கைராசிக்காரர்னு." மகனுக்கு நிஜமாகவே சந்தோஷம். சந்தோஷம் வந்தால் செலவைக் குறைப்பது அவன் சுபாவம். "அப்ப பாவாத்தாக்கா எதுக்குங்க கல்லாப் பக்கம்? குடோன்ல பேக்கிங்குக்கு ஆளில்லாம கெடக்குது. அக்கா, நீங்க குடோனுக்குப் போயிருங்க. அம்மா கை சரியாயிருச்சு. இனிமே சீட்டு, ரூபா எண்றது எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

பாவாத்தாள் சூசைமேரியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'இல்லே, கை இன்னும் ஆடுது' என்று ஒரே வார்த்தை. சொன்னால் ஜெப்ரி நாசரைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவான்; அவர் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார்.

"போ அம்மணி" என்றாள் சூசைமேரி. "நானு பாத்துக்கறேன்."

பாவாத்தாள் சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது சிரித்தாளா என்பது சரியாகத் தெரியவில்லை.

அன்றைக்கு நல்ல கூட்டம். யாரும் பேரம் பேசவில்லை. சொன்ன விலைக்கு வாங்கினார்கள். முறைப்பு பழையபடி வேலை செய்தது, வட்டியோடு வேலை செய்தது. ஆனால் மீதிச் சில்லறை எண்ணுகிறபோது விரல் தனக்கென்று ஒரு தாளம் போட்டது. ஒரு நோட்டு வைக்கிற இடத்தில் இரண்டு நோட்டு சேர்ந்து போனது. உடுமலைக்காரனுக்கு ஐநூறு கூடுதலாகப் போனதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். கூப்பிட்டுத் திருப்பிக் கேட்டால், அவன் முதலில் அவள் கையைத்தான் பார்ப்பான். மூக்கை உயர்த்தி, அவன் படி இறங்கும்வரை முறைத்துக்கொண்டே இருந்தாள். அவனும் பயந்துபோய் வேகமாக நடந்தான். இன்னும் நாலு பேர் அதேபோல வேகமாக நடந்தார்கள்.

ஷட்டர் இறக்குவதற்குமுன் ஜெப்ரி கணக்குக் கேட்டான். அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சூசைமேரி தன் பர்ஸைத் திறந்தாள்.

சீட்டுப்படி வரவு, நாற்பத்தொன்றாயிரத்து அறுநூற்று எண்பது. கல்லாவில் இருப்பு, நாற்பதாயிரத்து எண்பது. துண்டு விழுந்தது, ஐநூறு இரண்டும் இருநூறு மூன்றும் ஆக ஆயிரத்து அறுநூறு. பர்ஸிலிருந்து கல்லாவுக்கு, ஆயிரத்து அறுநூறு. கடைக் கணக்கு நேர். பர்ஸுக்குக் கல்லா தரவேண்டியது, இந்த முதல் நாளுக்கு மட்டும், ஆயிரத்து அறுநூறு.